கடையில் மூன்று லட்சம் செயலிகள், கைப்பேசியில் எதுவுமில்லை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர், ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் போட்டியாக வந்த மூன்றாவது தளங்களில் (கைப்பேசியை இயக்கும் அடிப்படை மென்பொருள்களில்) ஒன்றுகூட ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டிருந்தார். 'செயலிகள் இல்லாததால்' என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த வரி போதாது என்று கடிந்துகொண்டு சிலரும், அது தவறு என்று மறுத்துச் சிலரும் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களில் பெரும்பாலானவை மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் தளம் பற்றியவை என்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கும் அதன் உறவுக்காரத் தளங்களுக்குமே ஒதுக்கியிருக்கிறேன்.

2013-ல் வாங்கிய நோக்கியா லூமியா 520 இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சார்ஜ் ஏற்றினால் உயிர் பெறுகிறது. அதில் வாட்ஸ்அப்பை மறுபடியும் நிறுவ ஏதேனும் வழி உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

வழி இல்லை. வாட்ஸ்அப் நிறுவனம், உங்கள் லூமியா உள்ளிட்ட விண்டோஸ் போன்களுக்கான ஆதரவை 2019 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே, டிசம்பர் 16-ஆம் தேதி, விண்டோஸ் போன் 8.1-க்கான செயலிக் கடையை மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என்னிடம் இருக்கும் மஞ்சள் நிற 520-ஐ எடுத்துச் சார்ஜ் போட்டுப் பார்த்தேன். முகப்பில் சதுரங்கள் பழையபடியே அடுக்கடுக்காக நிற்கின்றன, விரலால் தள்ளினால் இன்றைக்கும் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. கடைக்கான சதுரத்தைத் தொட்டபோது மட்டும், திரையின் உச்சியில் சிறு புள்ளிகள் இடமிருந்து வலமாக வெகுநேரம் ஓடிவிட்டு, கடைசியில் பிழைச் செய்தி வந்தது. பாட்டு கேட்கவும் படம் எடுக்கவும் அலாரம் வைக்கவும் அந்தக் கைப்பேசி இப்போதும் உதவும். அவ்வாறு பயன்படுத்துவதானால், முதலில் பின்மூடியைக் கழற்றி பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் ஏற்ற வேண்டாம். அந்தக் காலத்துக் கைப்பேசி என்பதால் பேட்டரியைக் கையாலேயே எடுத்துவிடலாம்.

விண்டோஸ் போன் கடையில் மூன்று லட்சம் செயலிகள் இருந்ததாக மைக்ரோசாஃப்டே அறிவித்தது. ஒரு மனிதருக்கு முப்பது செயலி போதும். அப்படியிருக்க, செயலிகள் இல்லாததால் வீழ்ந்தது என்று நீங்கள் எழுதுவது எப்படிப் பொருந்தும்?
— பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

கேள்வி நியாயமானது. என் பழைய பதில்தான் அரைகுறை. எண்ணிக்கை உண்மையிலேயே மோசமாக இல்லை. 2012 ஜூன் மாதம், விண்டோஸ் போன் 8-ஐ அறிமுகப்படுத்திய கூட்டத்தில், கடையில் ஒரு லட்சம் செயலிகள் சேர்ந்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதே மாதத்தில் ஆப்பிள் 6,50,000 என்றும் கூகுள் 6,00,000 என்றும் கணக்குச் சொல்லின. 2014-ல் விண்டோஸ் போன் மூன்று லட்சத்தைத் தொட்டது.

ஆனால் கைப்பேசி வாங்க வருகிறவர் மூன்று லட்சத்தையும் பார்ப்பதில்லை. தமக்கு வேண்டிய ஏழெட்டை மட்டும் தேடிப் பார்க்கிறார். அவற்றில் ஐந்து எல்லோருக்கும் பொதுவானவை, மீதி இரண்டு மூன்று ஆளுக்கு ஆள் மாறுபடுபவை: ஒருவருக்கு அவருடைய வங்கி, இன்னொருவருக்கு அவர் மகன் படிக்கும் பள்ளியின் செயலி, மற்றொருவருக்கு நண்பர்கள் ஆடும் விளையாட்டு. பொதுவான ஐந்தைக் கெஞ்சியோ காசு கொடுத்தோ கொண்டுவந்துவிடலாம், மைக்ரோசாஃப்ட் பெரும்பாலும் கொண்டுவரவும் செய்தது. ஆளுக்கு ஆள் மாறுபடும் அந்த இரண்டு மூன்றைத்தான் எந்த நிறுவனத்தாலும் பட்டியல் போட்டுத் தேட முடியாது. அவை தாமாக வந்து சேர வேண்டியவை, வாடிக்கையாளர் கூட்டம் இருக்கும் இடத்துக்கே வருபவை.

பொதுவான ஐந்தும்கூட வந்த விதத்தைப் பாருங்கள். இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபரில் ஐபோனில் தொடங்கியது. 2012 ஏப்ரலில் ஆண்ட்ராய்டுக்கு வந்தது. விண்டோஸ் போனுக்கு வந்தது 2013 நவம்பரில். வந்தபோதும் பெயரோடு 'பீட்டா' என்ற ஒட்டு இருந்தது, வீடியோ பதிவேற்றும் வசதியும் படத்தில் நண்பர்களை டேக் செய்யும் வசதியும் இல்லை. அந்தப் 'பீட்டா' ஒட்டு ஆண்டுக்கணக்கில் நீங்காமலே இருந்தது. கணக்குப் புத்தகத்தில் 'இன்ஸ்டாகிராம்: உண்டு' என்று எழுதிக்கொள்ளலாம். வைத்திருந்தவருக்கோ, தோழி அனுப்பிய படத்தில் தம்மை டேக் செய்திருப்பதைக்கூட உடனே பார்க்க முடியாத நிலை.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் கணக்கு வைத்திருந்த வங்கி ஒன்று, பெயர் வேண்டாம், விண்டோஸ் போனுக்கும் செயலி வெளியிட்டது. ஓராண்டு நன்றாகவே ஓடியது. பிறகு ஒருநாள் திறந்தால், 'புதிய பதிப்பை நிறுவிக்கொண்டு தொடரவும்' என்றது. கடைக்குப் போனால் அங்கே இருந்ததோ என்னிடம் இருந்த அதே பழைய பதிப்பு. வாடிக்கையாளர் சேவைக்குப் பேசியபோது அந்தப் பெண் மிகுந்த பணிவோடு, "சார், வீட்ல வேற யாராவது ஆண்ட்ராய்டு வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். கடையின் மொத்த எண்ணிக்கையில் அந்தச் செயலியும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

எண்ணிக்கையைப் பெருக்குவதே குறிக்கோளானால் கடையில் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2014 ஆகஸ்டில், பெயராலும் சின்னத்தாலும் பயனர்களை ஏமாற்றிய 1,500-க்கும் மேற்பட்ட செயலிகளை மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் கடையிலிருந்து நீக்கியது. இலவசமாகவே கிடைக்கும், வீடியோ ஓட்டும் வி.எல்.சி. போன்ற நிரல்களின் சின்னத்தை அப்படியே ஒட்டிவைத்துக் காசு கேட்டவையும் அவற்றில் இருந்தன. பிளாக்பெர்ரியின் கதை இன்னும் வேடிக்கை. 2013-ல் அதன் புதிய தளத்துக்கான கடையில் இருந்த சுமார் 1,20,000 செயலிகளில் ஏறத்தாழ 47,000, ஹாங்காங்கைச் சேர்ந்த ஒரே நிறுவனத்தின் பெயரில் இருந்தன. இந்த எண்களைக் கணக்கில் கொண்டால், 'செயலிகள் இல்லை' என்று எழுதியதைவிட, 'தேடியது இல்லை, இருந்ததும் பழசு' என்று எழுதியிருக்க வேண்டும்.

கூகுள் வேண்டுமென்றே விண்டோஸ் போனைப் புறக்கணித்தது என்கிறார்கள். உண்மையா?
— வாசகி, திருநெல்வேலி

யூடியூப் விவகாரத்தை வைத்துத்தான் இந்தப் பேச்சு பரவியது. கூகுள் தானாகச் செயலி எழுதித் தராததால், 2013 மே மாதம் மைக்ரோசாஃப்டே விண்டோஸ் போனுக்கு யூடியூப் செயலி ஒன்றை எழுதி வெளியிட்டது. அதில் விளம்பரங்கள் வரவில்லை, வீடியோவைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளவும் முடிந்தது. பயனருக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் விளம்பர வருமானத்தை நம்பி வீடியோ எடுப்பவரின் பங்கு அதில் காணாமல்போனது. மே 22-ஆம் தேதிக்குள் அதை நிறுத்த வேண்டும் என்று கூகுள் எழுத்து மூலம் கோரியது. இந்த மட்டில் கூகுள் பக்கமே நியாயம் என்பது என் எண்ணம்.

ஆகஸ்டில் விளம்பரங்களைச் சேர்த்து, டவுன்லோடு வசதியை எடுத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் புதிய பதிப்பை வெளியிட்டது. இரண்டே நாளில் கூகுள் அதையும் தடுத்தது. செயலியை, இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் எச்.டி.எம்.எல். 5 முறையில் எழுத வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறவில்லை என்பது அதன் வாதம். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடும் யூடியூப் செயலிகளே அந்த முறையில் எழுதப்படவில்லையே என்பது மைக்ரோசாஃப்டின் எதிர்வாதம், இந்த இடத்தில் அதன் பேச்சில் நியாயம் இருந்தது. முடிவாக அக்டோபரில், யூடியூப் இணையப் பக்கத்தையே திறந்துகாட்டும் வெறும் உறையாக அந்தச் செயலி சுருங்கிப்போனது.

இதை வஞ்சம் என்று சொல்ல நான் தயங்குகிறேன். உலகச் சந்தையில் மூன்று சதவீதத்தை ஒட்டியே நின்ற ஒரு தளத்துக்கு, அதுவும் போட்டியாளரின் தளத்துக்கு, ஆள் அமர்த்திச் செயலி எழுத எந்த நிறுவனமும் முந்திக்கொண்டு வராது. தடுக்கும் அதிகாரம் மட்டும் கையில் இருந்தது, அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் தனிநபர் நிரலாளர்களைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவனாவேன். அதிகாரபூர்வ இன்ஸ்டாகிராம் வராத காலத்திலும், வந்து அரைகுறையாகக் கிடந்த காலத்திலும், பிரெஞ்சு நிரலாளர் ரூடி ஹுயின் எழுதிய 'சிக்ஸ்டேக்' என்ற செயலிதான் பலருக்கும் இன்ஸ்டாகிராமாக இருந்தது. மூல நிறுவனம் தராததை ஒற்றை ஆள் தந்தார், மூலத்தைவிட நன்றாகவும் தந்தார். ஸ்னாப்சாட்டுக்காக அவர் எழுதிய 'சிக்ஸ்ஸ்னாப்' மட்டும் 2014 டிசம்பரில், ஸ்னாப்சாட் நிறுவனம் வெளியார் செயலிகளுக்கு எதிராகக் கிளம்பியபோது, கடையிலிருந்து நீக்கப்பட்டது. ஸ்னாப்சாட்டின் சொந்தச் செயலி விண்டோஸ் போனுக்குக் கடைசிவரை வரவேயில்லை.

நிரலாளர்களுக்குப் பணம் கொடுத்து எழுத வைத்திருக்கலாமே? மைக்ரோசாஃப்டிடம் இல்லாத பணமா?
— வணிகர், ஈரோடு

கொடுத்தார்கள். 2013 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு திட்டம் அறிவித்தார்கள்: கடைக்கு ஒரு செயலி எழுதித் தந்தால் 100 டாலர், ஒருவர் கடைக்குப் பத்து வீதம் கணினிக் கடைக்கும் கைப்பேசிக் கடைக்குமாக 2,000 டாலர் வரை வாங்கலாம். நூறு டாலருக்கு எத்தகைய செயலி வரும் என்பதை, கூலி கொடுத்து வேலை வாங்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வார இறுதியில் உட்கார்ந்து எழுதிய டார்ச் லைட்டும், படம் மாற்றிப் படம் மாற்றி வைத்த வால்பேப்பர் தொகுப்பும் வரும்.

பிளாக்பெர்ரி இதைவிடச் சற்று யோசித்து ஒரு திட்டம் போட்டது. தரச் சோதனையில் தேறிய செயலி, முதலாண்டில் குறைந்தது 1,000 டாலராவது சம்பாதித்து, 10,000 டாலரை எட்டாமல் போனால், குறைகிற தொகையைத் தானே தந்துவிடுவதாகச் சொன்னது. குறைந்தபட்சம் ஆயிரம் டாலருக்கு விலைபோக வேண்டும் என்ற நிபந்தனை ஒப்புக்கு எழுதியவர்களை வடிகட்டியது. சாம்சங் தன் டைசன் தளத்துக்காக 2017-ல் இன்னொரு வழி பார்த்தது: மாதந்தோறும் அதிகம் இறக்கப்படும் முதல் நூறு செயலிகளுக்குத் தலா 10,000 டாலர். மூன்றும் மூன்று விதம். மூன்று தளங்களும் இன்று கைப்பேசிச் சந்தையில் இல்லை.

பணத்தால் ஒரு செயலியைப் பிறக்க வைக்க முடிகிறது, வளர்க்க முடிவதில்லை. செயலி என்பது வெளியான நாளோடு முடிந்துபோகும் சரக்கு அன்று. எதிர்முனையில் சர்வர் மாறும், பாதுகாப்பு முறை மாறும், ஆண்ட்ராய்டில் புது வசதி வரும். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் உட்கார்ந்து இந்தப் பக்கமும் மாற்றம் செய்ய வேண்டும், அவருக்கு மாதச் சம்பளம் தர வேண்டும். விண்டோஸ் போனில் ஃபேஸ்புக் செயலியின் பக்கத்தைத் திறந்தவர்கள் கவனித்திருக்கலாம், வெளியீட்டாளர் பெயர் இருக்கும் இடத்தில் மைக்ரோசாஃப்ட் என்றே இருக்கும். அவர்களுடைய செயலியை இவர்களே எழுதி, இவர்களே பராமரித்தார்கள். எத்தனை நிறுவனங்களுக்கு இப்படிச் செய்ய முடியும்?

2017 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் உயர் அதிகாரி ஜோ பெல்ஃபியோரே இதை ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டார். பணம் கொடுத்துப் பார்த்தோம், அவர்களுக்காக நாங்களே செயலி எழுதியும் பார்த்தோம், பயனர் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் பெரும்பாலான நிறுவனங்கள் முதலீடு செய்ய முன்வரவில்லை என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். இத்தனைக்கும் மைக்ரோசாஃப்ட் தாமதமாகவேனும் சில நல்ல காரியங்களைச் செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஆண்டுக்கு 99 டாலராக இருந்த நிரலாளர் பதிவுக் கட்டணத்தைத் தனிநபருக்கு 19 டாலராகக் குறைத்தது, மாணவர்களுக்கு இலவசமாகவே தந்தது. வாங்குவதற்கு முன் செயலியை ஓட்டிப் பார்க்கும் 'டிரையல்' வசதி அந்தக் கடையில் முதலிலிருந்தே இருந்தது. கூகுள் கடையில் அப்படிப் பார்ப்பதற்கு அன்று தனி இலவசப் பதிப்பு ஒன்றைத் தேட வேண்டும்.

விளம்பரத்துக்குக் குறைவில்லை, பத்திரிகை, தொலைக்காட்சி எங்கும் லூமியா. ஆனாலும் மக்கள் திரும்பிப் பார்க்கவில்லையே?
— விளம்பரத் துறையில் பணியாற்றும் வாசகர், சென்னை

மக்கள் திரும்பிப் பார்த்தார்கள், குறிப்பாக நம் நாட்டில். லூமியா 520 இங்கே 2013 ஏப்ரலில் பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒட்டிய விலையில் வந்து, உலக அளவில் அதிகம் விற்ற விண்டோஸ் போன் ஆனது. அந்த விலையில் அன்று கிடைத்த ஆண்ட்ராய்டுகள் திக்கித் திணறியபோது, அது தடங்கலில்லாமல் ஓடியது. பார்த்துவிட்டுப் போனவர்கள் ஏன் மறுமுறை வரவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2012 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் நடத்திய போட்டி விளம்பரம் உங்களுக்கு நினைவிருக்கலாம். லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் தொடங்கியது. உங்கள் கைப்பேசியைக் கொண்டுவாருங்கள், படம் எடுத்து வலையேற்றுவது, தகவல் அனுப்புவது போன்ற ஒரு வேலையை விண்டோஸ் போனைவிட விரைவாக முடித்தால் 100 டாலர் பரிசு என்றார்கள். பெரும்பாலான சுற்றுகளில் விண்டோஸ் போனே வென்றது, ஏனெனில் அந்த வேலைகள் அனைத்தும் தளத்துக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்தவை. விளம்பரம் பொய் சொல்லவில்லை. ஆனால், எந்தச் செயலியையும் திறக்காமல் செய்யக்கூடிய வேலைகளை மட்டுமே அது காட்டியது. செயலிதான் கைப்பேசி என்று ஊர் உலகம் முடிவு செய்துவிட்ட ஆண்டு அது.

அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி தொலைத்தொடர்பு நிறுவனம் வழியாக லூமியா 900 பெருத்த ஆரவாரத்தோடு வெளிவந்தது. இரண்டரை மாதங்கூட முடியவில்லை, ஜூன் 20-ஆம் தேதி விண்டோஸ் போன் 8 அறிவிக்கப்பட்டபோது, கையில் இருக்கும் எந்தக் கைப்பேசிக்கும் அது கிடைக்காது என்றார்கள். அடிப்படைக் கருவையே மாற்றிவிட்டதுதான் காரணம், தொழில்நுட்ப நோக்கில் சரியான முடிவும்கூட. ஆனால் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கியவர், புதிய தளத்துக்காக எழுதப்படும் செயலிகள் தமக்கு வராது என்பதை இரண்டரை மாதத்துக்குள்ளேயே தெரிந்துகொண்டார். விளம்பரத்துக்குச் செலவழித்த கோடிகளை அந்த ஒரு மேடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. 2010-லும் இதுபோல ஒன்று நடந்தது. பழைய விண்டோஸ் மொபைலுக்கு எழுதிய நிரல்கள் எதுவும் விண்டோஸ் போன் 7-ல் ஓடவில்லை. மூன்று ஆண்டில் இரண்டு முறை கடையின் அடித்தளத்தையே மாற்றினால், சரக்குப் போடுகிறவர் எத்தனை முறைதான் வருவார்?

உண்மையான விளம்பரதாரர் கடை மேசைக்குப் பின்னால் நிற்கும் இளைஞர் என்பதையும் உங்கள் துறையினர் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள். 2013 பள்ளி விடுமுறையில், சென்னை ரிச்சி தெருக் கடை ஒன்றில் என் முன்னால் நின்ற தகப்பனாரும் மகளும் 520-ஐத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிறுமி கேட்டது ஒன்றே ஒன்று: "டெம்பிள் ரன் வருமா?" கடைக்காரப் பையன் நேர்மையானவன். "செம போன் சார், ஹேங்கே ஆகாது. ஆனா பாப்பா கேக்குற கேம் இதுல ஏறாது" என்றான். அவன் சொன்னது சரி. டெம்பிள் ரன் அந்த ஆண்டு மார்ச்சிலேயே விண்டோஸ் போன் கடைக்கு வந்துவிட்டது, ஆனால் 1 ஜி.பி. ராம் கேட்டது. 520-ல் இருந்ததோ 512 எம்.பி. பின்னர் அதற்கும் ஏற்றபடி திருத்தி வெளியிட்டார்கள். அதற்குள் அந்தச் சிறுமி வேறொரு கைப்பேசியோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆண்ட்ராய்டு செயலிகளையே ஓட்டும்படி செய்திருந்தால் பிழைத்திருக்குமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

2015 ஏப்ரலில் 'அஸ்டோரியா' என்ற பெயரில் அந்த முயற்சியை அறிவித்து, 2016 பிப்ரவரியில் கைவிட்டார்கள். பிளாக்பெர்ரி அதைச் செய்தே காட்டியது, சாம்சங்கும் டைசனில் ஒரு மாற்று அடுக்கு வழியாக வாட்ஸ்அப்பை ஓட்டியது. இரண்டுக்கும் பலன் இல்லை. இதில் ஒரு பழைய பொறி இருக்கிறது. 1992-ல் ஐ.பி.எம். தன் ஓ.எஸ். 2 தளத்தில் விண்டோஸ் நிரல்களும் ஓடும் என்று பெருமையோடு விற்றது. விண்டோஸுக்கு எழுதினாலே இங்கும் ஓடும் என்றால், ஓ.எஸ். 2-க்கென்று தனியாக எழுத எவர் மெனக்கெடுவார்? அன்று விண்டோஸ் மற்றவருக்குச் செய்ததை, ஆண்ட்ராய்டு விண்டோஸுக்குச் செய்ய இருந்தது.

நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மூடப்பட்டதற்கும் இதுதான் காரணமா?
— முன்னாள் ஊழியர், காஞ்சிபுரம்

நேரடிக் காரணம் வேறு. நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கும் ஒப்பந்தம் 2014 ஏப்ரலில் நிறைவேறியபோது, வரி வழக்கில் சொத்துகள் முடக்கப்பட்டிருந்த உங்கள் ஆலை அதில் சேர்க்கப்படவில்லை. ஒப்பந்த உற்பத்தியாகச் சில மாதம் ஓடியபின், 2014 நவம்பர் 1-ஆம் தேதி நின்றுபோனது. அடுத்த ஆண்டே, வாங்கிய அந்தத் தொழிலின் மதிப்பில் 760 கோடி டாலரை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்து, 7,800 பேரை வேலையிலிருந்து நீக்கியது. ஆலை ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தாலும் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கும்போது கசப்பாகத்தான் இருக்கிறது.

1,999 ரூபாய்க்கு வந்த ஃபயர்ஃபாக்ஸ் போன் ஓராண்டில் காணாமல்போனது. ஜியோபோன் மட்டும் எப்படி விற்றது?
— வாசகி, சேலம்

இரண்டும் ஒரே வித்து என்பது பலருக்குத் தெரியாது. 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் 1,999 ரூபாய்க்கு விற்ற கைப்பேசியில் இருந்த ஃபயர்ஃபாக்ஸ் ஓ.எஸ்.-இன் மூலநிரலிலிருந்து கிளைத்ததுதான், 2017-ல் அறிவிக்கப்பட்ட ஜியோபோனில் இருந்த கைஓஎஸ் தளம். முதலாவதில் தொடுதிரை இருந்தது, அதிகாரபூர்வ வாட்ஸ்அப் இல்லை. இரண்டாவதில் பொத்தான்கள்தாம் இருந்தன. ஆனால் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்குக் கைப்பேசியும் கூடவே மலிவான 4ஜி இணைப்பும் கிடைத்ததால், செயலிகள் வருவதற்கு முன்பே கூட்டம் வந்து நின்றுவிட்டது. கூட்டத்தைப் பார்த்தபின் 2018 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கும், செப்டம்பரில் பொத்தான் கைப்பேசிக்கென்றே புதிதாக எழுதப்பட்ட வாட்ஸ்அப்பும் வந்தன. மற்ற தளங்கள் செயலியைக் காட்டிக் கூட்டம் சேர்க்கப் பார்த்தன. ஜியோவோ மலிவான இணைப்பைக் காட்டிக் கூட்டத்தைச் சேர்த்துவிட்டு, செயலிக்காரர்களைப் பின்னால் வரவழைத்தது. அந்த வசதி ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு இருந்தது, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கிய மொசில்லாவுக்கு இல்லை.

நானும் தம்பியும் சேர்ந்து தமிழ்ப் பஞ்சாங்கச் செயலி ஒன்றை ஆண்ட்ராய்டுக்கு எழுதியிருக்கிறோம். இங்கே உறவினர் பலர் கூகுள் இல்லாத ஹுவாவே கைப்பேசி வைத்திருக்கிறார்கள். ஹுவாவேயின் செயலிக் கடையிலும் போடலாமா? எப்படி விளம்பரம் செய்வது?
— நிரலாளர், கிள்ளான், மலேசியா

2019 மே மாதம் அமெரிக்கா விதித்த தடைக்குப்பின் வந்த ஹுவாவே கைப்பேசிகளில் கூகுள் சேவைகள் கிடையாது என்பதால் அந்தக் கேள்வி எழுகிறது. சீனாவுக்கு வெளியே விற்கும் அதன் கைப்பேசிகள் ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டே ஓடுவதால், உங்கள் செயலியின் கோப்பு பெரும்பாலும் அப்படியே ஏறும். எவையெல்லாம் கூகுளை நம்பியிருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். காலையில் ராகுகாலம் நினைவூட்டும் அறிவிப்பு, விளம்பரமில்லாப் பதிப்புக்குப் பணம் வாங்கும் முறை, அருகிலுள்ள கோயிலைக் காட்டும் வரைபடம் ஆகிய மூன்றும் உங்களிடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், மூன்றையும் ஹுவாவேயின் சொந்தச் சேவைக்கு மாற்றி எழுத வேண்டும். முதல் வெளியீட்டில் வரைபடத்தை விட்டுவிடலாம், அறிவிப்பை விடக் கூடாது. சீனாவில் 2024-ல் வந்த புதிய ஹார்மனி தளம் ஆண்ட்ராய்டு கோப்பை ஏற்பதில்லை. அதற்கென்று முழுவதும் புதிதாக எழுத வேண்டும் என்பதால் இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சிறிய கடையில் ஒரு நன்மை உண்டு. கூகுள் கடையில் 'பஞ்சாங்கம்' என்று தேடினால் வரிசை நீண்டுகொண்டே போகும், நீங்கள் எங்கோ அடியில் இருப்பீர்கள். சின்னக் கடையில் வரிசை குட்டையானது. தலைப்பைத் தமிழிலேயே வையுங்கள், விளக்கத்தைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுகிறவர்களுக்காக அந்தச் சொற்களையும் விளக்கத்துக்குள் சேர்த்துவிடுங்கள். கடையில் காட்டும் முதல் ஸ்கிரீன்ஷாட்டில் உங்கள் சின்னம் வேண்டாம், அன்றைய தேதியின் நல்லநேரப் பக்கம் இருக்கட்டும். வருகிற விமரிசனம் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள், பத்துப் பேர் எழுதும் இடத்தில் அது கண்ணில் படும். உறவினர் வாட்ஸ்அப் குழுக்களில் செயலியின் பெயரைச் சொல்வதோடு நிற்காமல், எந்தக் கடையில் எப்படித் தேட வேண்டும் என்பதையும் படம்பிடித்து அனுப்புங்கள். அந்தக் கைப்பேசிகளில் கடை எங்கே இருக்கிறதென்று தெரியாதவர்களே பாதிப் பேர்.

விளம்பரத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. பஞ்சாங்கம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் பொருள். கூகுள் கடையில் புதிய ஆண்டின் பக்கங்கள் ஏறி, இந்தக் கடையில் ஏறாமல்போனால், சித்திரை முதல் நாள் காலையில் உங்கள் அத்தை வீட்டுக் கைப்பேசி போன ஆண்டின் திதியைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பதிவு செய்வதற்கு முன், ஒரே திருத்தத்தை ஒரே நாளில் இரண்டு கடைக்கும் ஏற்றி, இரண்டிலும் ஒப்புதல் வர எத்தனை நாள் ஆகிறது என்று ஒருமுறை ஒத்திகை பாருங்கள். அந்தக் கூடுதல் வேலையை ஆண்டுதோறும் யார் செய்வது என்பதைத் தம்பியோடு இப்போதே பேசிவிடுங்கள்.